வானூர்தி பிஸ்டன் எஞ்சின்: அடிப்படையும் வரலாறும்

உருளை வடிவ அறைக்குள் எரிபொருளை எரித்து, விரிவடையும் வளிமத்தால் பிஸ்டனைத் தள்ளி, அந்த முன்பின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றிச் சுழல்விசிறியை இயக்கும் பொறியே வானூர்தி பிஸ்டன் எஞ்சின். 1903 முதல் 1940களின் நடுப்பகுதி வரை உலகில் பறந்த விசை விமானங்கள் ஏறத்தாழ அனைத்தும் இதைக் கொண்டே பறந்தன. கராச்சியிலிருந்து சென்னைக்கு வந்த முதல் டாடா விமானத் தபாலும் பிஸ்டன் எஞ்சினின் உழைப்பால்தான் வந்து சேர்ந்தது.

இந்த எஞ்சினைப் பற்றிப் படிக்கும்போது மாணவர்கள் அடிக்கடி காணும் தொடர் ஒன்று உண்டு: "எரிபொருளும் காற்றும் கலந்த கலவை வெடித்து பிஸ்டனைத் தள்ளுகிறது." எளிமைக்காகச் சொல்லப்படும் இத்தொடர் சரியானதன்று. நல்ல நிலையில் ஓடும் எஞ்சினுக்குள் கலவை வெடிப்பதில்லை. மிக விரைவாக, ஆனால் ஒழுங்காக எரிகிறது. அது உண்மையிலேயே வெடிக்கத் தொடங்கினால் எஞ்சின் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடக்கூடும். எரிவதற்கும் வெடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிவகாசி, சாத்தூர், இருக்கன்குடி வட்டாரத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வானூர்தி எஞ்சினின் வரலாறும் பெரும்பாலும் அந்த வேறுபாட்டைக் கட்டிக்காத்த வரலாறுதான்.

வெடிமருந்தில் தொடங்கிய எண்ணம்

உருளைக்குள் நெருப்பு மூட்டி வேலை வாங்கலாம் என்ற எண்ணம் வெடிமருந்திலிருந்தே பிறந்தது. டச்சு அறிவியலாளர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1670களில் ஒரு பொறியை வடிவமைத்தார். உருளையின் அடியில் சிறிதளவு வெடிமருந்தைக் கொளுத்தினால், சூடான வளிமம் உள்ளிருக்கும் காற்றை வால்வுகள் வழியே வெளியேற்றும். எஞ்சிய வளிமம் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ள, அதனுடன் கயிற்றால் இணைத்த சுமை மேலே எழும். ஒவ்வொரு முறையும் மருந்து இட்டுக் கொளுத்த வேண்டியிருந்ததால் இப்பொறி நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் உருளை, பிஸ்டன், நெருப்பு என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

வெடிமருந்துக்கும் பெட்ரோலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வெடிமருந்தில் உள்ள வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அதனால்தான் மூடிய காகிதக் குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது. பெட்ரோலிடம் அந்த இருப்பு இல்லை. அது காற்றை நம்பியே எரிகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். விமானம் உயரே போகப் போகக் காற்று மெலிவதால் எஞ்சினின் வலுவும் குறையும். இச்சிக்கலைப் பின்னர் காண்போம்.

1876இல் ஜெர்மனியின் நிகோலஸ் ஆட்டோ, எரிப்பதற்கு முன் கலவையை அழுத்திக்கொள்ளும் நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். நிலக்கரி வாயுவில் ஓடிய அது, தரையை விட்டு நகர முடியாத கனப்பொறி. 1880களில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் அதே முறையில் இலகுவான, வேகமாகச் சுழலும் பெட்ரோல் எஞ்சினைச் செய்தனர். வானத்துக்கான வழி அங்கே திறந்தது.

நான்கு வீச்சுகள்

முதல் வீச்சில் பிஸ்டன் கீழிறங்க, உள்வால்வு திறந்து காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உருளைக்குள் வருகிறது. இரண்டாம் வீச்சில் இரு வால்வுகளும் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்துகிறது. அழுத்தம் முடியும் தறுவாயில் பிளக் பொறி விடுகிறது. மூன்றாம் வீச்சில் எரியும் வளிமம் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஆற்றல் தரும் வீச்சு இது ஒன்றுதான். நான்காம் வீச்சில் வெளிவால்வு திறந்து புகை வெளியேறுகிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கனெக்டிங் ராடும் கிராங் தண்டும் சேர்ந்து சுழற்சியாக மாற்றுகின்றன. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, கிராங் தண்டின் பாதி வேகத்தில் சுழலும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 2,100 சுற்று சுழல்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒருமுறை எரியும். ஆகவே நிமிடத்திற்கு 4,200 முறை, அதாவது நொடிக்கு 70 முறை நெருப்பு மூட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பிளக்கின் முனையில் தோன்றும் சுடர், கலவை முழுவதும் பரவச் சில மில்லி நொடிகள் ஆகும். இந்தச் சிறு கால அளவை ஈடுகட்டவே, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னதாகப் பொறி விடப்படுகிறது. கலவை ஒரே கணத்தில் வெடிப்பதாக இருந்தால் இந்த முன்னேற்பாடு தேவைப்படாது.

கார் எஞ்சின் நிமிடத்திற்கு 5,000, 6,000 சுற்றுகள் சுழலும்போது, விமான எஞ்சின்கள் பல 2,000 முதல் 2,700க்குள் நிற்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு மீட்டர் விட்டமுள்ள சுழல்விசிறி 2,300 சுற்றில் சுழன்றால், அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர். நுனி அந்த வேகத்தை நெருங்கினால் விசிறியின் திறன் சரிந்து இரைச்சல் மிகும். எனவே விமான எஞ்சின் மெதுவாகச் சுழன்றபடியே வலுவாகத் தள்ள வேண்டும். இதற்குப் பெரிய சிலிண்டர்கள் தேவை.

எடையோடு நடந்த போட்டி

கிணற்றுமேட்டில் நிற்கும் பழைய டீசல் எஞ்சின் எத்தனை நூறு கிலோ இருந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. விமானத்திலோ ஒவ்வொரு கிலோவும் கணக்கு. 1903இல் ரைட் சகோதரர்களுக்காக அவர்களது பட்டறைத் தொழிலாளர் சார்லி டெய்லர் சுமார் ஆறு வாரங்களில் ஒரு நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கடைந்து செய்தார். அதன் உடற்பகுதி அலுமினிய வார்ப்பு. எடை சுமார் 80 கிலோ. திறன் சுமார் 12 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 7 கிலோ. டிசம்பர் 17 அன்று நடந்த முதல் பறத்தல் 12 நொடி நீடித்தது.

அடுத்த பாய்ச்சல் பிரான்சில் நிகழ்ந்தது. செகான் சகோதரர்களின் 'நோம்' எஞ்சினில் கிராங் தண்டு அசையாமல் நிற்க, ஏழு சிலிண்டர்களும் சுழல்விசிறியோடு சேர்ந்து சுழன்றன. சுழற்சியே காற்றோட்டம் தந்ததால் தண்ணீரும் ரேடியேட்டரும் தேவைப்படவில்லை. 50 குதிரைத்திறனுக்கு எடை சுமார் 75 கிலோ மட்டுமே. குதிரைத்திறனுக்கு ஒன்றரைக் கிலோ.

இந்த எஞ்சினுக்கு மசகு எண்ணெயாக இடப்பட்டது, கரிசல் காட்டு மக்கள் நன்கறிந்த ஆமணக்கு எண்ணெய். உள்ளே சுற்றும் பெட்ரோல் கலவையோடு மற்ற எண்ணெய்கள் கரைந்துவிட, ஆமணக்கு எண்ணெய் எளிதில் கரையாமல் நின்றது, சூட்டையும் தாங்கியது. ஒருமுறை ஓடிய எண்ணெய் புகையோடு வெளியே தெறித்துவிடும். அதைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்பார்கள். 'காஸ்ட்ரால்' என்ற எண்ணெய்ப் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. முதல் உலகப் போரின்போது ஆமணக்கின் தேவை பெருகியது. இந்திய விதைகள் கடல் கடந்து சென்றன.

சென்னையும் இந்தக் காலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், லூயி பிளேரியோ 1909இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தியால் தூண்டப்பட்டு, தாமே ஒரு இருதள விமானத்தை வடிவமைத்தார். சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் உருவான அவ்விமானம் சிறிய எஞ்சினைக் கொண்டு 1910இல் பல்லாவரத்தில் பறந்தது. இந்தியாவில் நடந்த மிகத் தொடக்ககாலப் பறத்தல்களில் இதுவும் ஒன்று. குதிரை வண்டிகள் கட்டிவந்த ஒரு நிறுவனத்தின் கைவினைஞர்கள் விமானம் கட்டினார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

120 குதிரைத்திறனும் ஒரு தபால் பையும்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, கராச்சியின் திரிக் ரோடு விமானத் திடலிலிருந்து ஒரு 'புஸ் மாத்' விமானத்தில் தபால் பையுடன் கிளம்பினார். அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டார். அங்கே பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பம்பாய் ஜுகூவில் அவர் இறங்கியபின், நெவில் வின்சென்ட் மற்றொரு புஸ் மாத் விமானத்தில் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

புஸ் மாத் விமானத்தை இயக்கியது 'ஜிப்ஸி 3' எஞ்சின். பிராங்க் ஹால்ஃபோர்டு வடிவமைத்த இந்த எஞ்சினுக்கு வரிசையாக நான்கு சிலிண்டர்கள். திறன் 120 குதிரைத்திறன். நம் ஊர்க் கிணறுகளில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார்கள் 24 சேர்ந்தால் இந்த அளவு வரும். இதன் சிறப்பு, சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கியதுதான். கிராங் தண்டு மேலே இருந்ததால் சுழல்விசிறி தரையிலிருந்து போதிய உயரத்தில் நின்றது. எஞ்சினின் முதுகு தாழ்ந்திருந்ததால் விமானிக்கு முன்வழி தெளிவாகத் தெரிந்தது.

நம்பகத்தன்மை எப்படிக் கிடைத்தது என்பதையும் இதே எஞ்சினில் காணலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னெட்டோக்கள். மேக்னெட்டோ என்பது காந்தத்தைச் சுழற்றித் தானே மின்பொறி உண்டாக்கும் கருவி. அதற்கு பேட்டரி வேண்டாம். ஒன்று பழுதானாலும் மற்றது எஞ்சினை ஓட வைக்கும். இரு பக்கமும் சுடர் தொடங்குவதால் கலவை சீராகவும் எரியும்.

அடுத்தது வெப்பம். எரியும் வளிமத்தின் வெப்பநிலை ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருந்தும் அலுமினிய பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள்: அந்தச் சூடு கணப்பொழுதே நிற்கிறது, எண்ணெய் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, சிலிண்டரின் வெளியே உள்ள மெல்லிய தகடு மடிப்புகள் அதைக் காற்றில் கலக்கின்றன. வெளிவால்வுதான் மிகவும் வாடுவது. அதற்குச் சாம் ஹெரான் ஒரு வழி கண்டார்: வால்வுத் தண்டைக் குடைந்து, உள்ளே சோடியம் அடைத்தார். 98 டிகிரியில் உருகும் சோடியம், வால்வு ஆடும்போது உள்ளே அலம்பி வெப்பத்தைத் தலையிலிருந்து தண்டுக்குக் கடத்துகிறது. 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் 33 மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாது பறந்து அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவரது ரைட் எஞ்சினில் இத்தகைய வால்வுகள் இருந்தன.

கார்புரேட்டருக்கு நேர்மாறான ஆபத்து உண்டு. குறுகிய வழியில் காற்று விரைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் அங்கே குளிர்ச்சி மிகும். ஈரக்காற்று இருந்தால், வெளியே 20 டிகிரி வெப்பம் இருக்கும்போதே உள்ளே பனிக்கட்டி படிந்து வழியை அடைக்கும். அதனால் சூடான காற்றை உள்ளே திருப்பிவிடும் நெம்புகோல் ஒன்று விமானியின் கையருகே வைக்கப்பட்டது.

1930இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் பிளையிங் கிளப் இவ்வகைச் சிறு விமானங்களைக் கொண்டே விமானிகளைப் பயிற்றுவித்தது. இலங்கையின் இரத்மலானை விமான நிலையத்தில் 1935 நவம்பர் 27 அன்று முதலில் இறங்கியதும் ஒரு புஸ் மாத். அதை ஓட்டிச் சென்றவர் அந்தச் சென்னைக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரே.

எரிதல் வெடிப்பாக மாறும்போது

சரவெடியின் நுனியில் தீ வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய் வெடித்துச் செல்லும். அதே சரங்கள் குவிந்திருக்கும் இடத்தில் சூடு ஏறி எல்லாம் ஒரே நொடியில் பற்றினால் கட்டடமே நிற்காது. எஞ்சினுக்குள்ளும் இதே இரு வழிகள் உள்ளன. வழக்கமான எரிதலில் சுடர் பிளக்கிலிருந்து வரிசையாய்ப் பரவும். சுடர் இன்னும் எட்டாத மூலையில் இருக்கும் கலவை, அழுத்தமும் வெப்பமும் மிகுந்து தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொண்டால் அது நாக்கிங். இருசக்கர வண்டியில் மேடு ஏறும்போது கேட்கும் 'டக் டக்' ஒலி இதுதான். சாலையில் வண்டியை நிறுத்தலாம். வானில் பிஸ்டன் ஓட்டையானால் இறங்க வழி தேட வேண்டும்.

கலவையை அதிகம் அழுத்தினால் அதிகத் திறன் கிடைக்கும். ஆனால் நாக்கிங்கும் வரும். எனவே எஞ்சினின் வளர்ச்சி எரிபொருளின் கைக்குப் போனது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ இதை முறையாக ஆராய்ந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1921இல் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டனர். எரிபொருளின் நாக்கிங் எதிர்ப்பை அளக்க ஆக்டேன் எண் என்ற அளவுகோலும் அந்தப் பத்தாண்டில் வந்தது.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1924இல் அச்சேர்மத்தைத் தயாரித்த அமெரிக்க ஆலைகளில் தொழிலாளர்கள் ஈய நச்சால் மனம் பேதலித்து இறந்தனர். கண்டுபிடிப்பின் பெருமை ஆய்வகத்துக்குப் போக, அதன் நஞ்சு தொழிலாளியின் உடலுக்குப் போனது. ரசாயனத்தோடு அன்றாடம் புழங்கும் நம் வட்டாரத்து மாணவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் படித்துவிடக் கூடாது.

மெலிந்த காற்றில் வலு

ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் பாதியாகிறது. பெட்ரோல் எஞ்சினின் திறனும் அதற்கேற்பச் சரியும். மெலிந்த காற்றைத் திணித்து உள்ளே அனுப்பும் விசிறியே சூப்பர்சார்ஜர். அதைக் கிராங் தண்டு பல்சக்கரங்கள் வழியாகச் சுழற்றும். புகையின் வேகத்தால் சுழன்றால் அது டர்போசார்ஜர். காற்றைத் திணிக்கும்போது அது சூடாவதால் நாக்கிங் மீண்டும் தலைதூக்கும். ஆகவே நல்ல சூப்பர்சார்ஜருக்கு நல்ல எரிபொருள் துணை வேண்டும்.

ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. 1940இல் 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும் அதே எஞ்சினில் கூடுதல் காற்றைத் திணிக்க முடிந்தது. திறன் சுமார் 1,000இலிருந்து 1,300 குதிரைத்திறனாக உயர்ந்தது. பின்வந்த வகைகள் 1,500ஐத் தாண்டின. அப்போது ஒரு குதிரைத்திறனுக்கு எடை அரைக் கிலோ அளவுக்கு இறங்கியிருந்தது. ரைட் எஞ்சினின் ஏழு கிலோவோடு இதை ஒப்பிட்டால் நாற்பதாண்டு உழைப்பு விளங்கும்.

அத்தகைய எஞ்சினுக்கும் ஒரு குறை இருந்தது. விமானம் திடீரென மூக்கைக் கவிழ்த்தால் கார்புரேட்டரில் எரிபொருள் நிலைகுலைந்து எஞ்சின் நின்று நின்று ஓடியது. பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941இல், துளையிட்ட ஒரு சிறு உலோக வில்லையை எரிபொருள் வழியில் பொருத்தி இச்சிக்கலைப் பெருமளவு தணித்தார்.

இந்தப் போர்க்காலத்தின் தடங்கள் தமிழ்நாட்டிலும் உள்ளன. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு ஆகிய இடங்களில் ஓடுதளங்கள் அமைந்தன. சோழவரம் பின்னாளில் மோட்டார் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது.

பெங்களூரு பட்டறையும் இரவுத் தபாலும்

1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். போரின்போது அது விமானங்களையும் எஞ்சின்களையும் பிரித்துச் சீர்செய்யும் பெரும் பட்டறையாக மாறியது. வி.எம். காட்கே தலைமையில் அங்கே வடிவமைக்கப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. அதன் எஞ்சின் 155 குதிரைத்திறன் கொண்ட சிரஸ் மேஜர்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், பயிற்சிக்காகச் சென்றதும் இந்த நிறுவனத்துக்குத்தான். பிஸ்டன், டர்பைன் ஆகிய இரு வகை எஞ்சின்களையும் பிரித்துச் சீர்செய்யும் குழுவில் பணியாற்றியதையும், கிராங் தண்டின் தேய்மானத்தைச் சோதிக்கக் கற்றதையும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் குறிப்பிடுகிறார். ராக்கெட் மனிதரின் கைகளில் முதலில் படிந்தது எஞ்சின் எண்ணெய்.

1949இல் இந்தியாவில் இரவு விமானத் தபால் தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லியிலிருந்து டகோட்டா விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் திரும்பின. டகோட்டாவின் ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் இரு வளையங்களாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 1,200 குதிரைத்திறன். மாட்டு வண்டியில் பெட்ரோல் வந்த நாளிலிருந்து இதற்கு இடைப்பட்ட காலம் 17 ஆண்டுகள்கூட இல்லை.

இன்றைய நிலை

ஜெட் எஞ்சினில் காற்று இழுத்தல், அழுத்தல், எரித்தல், வெளியேற்றல் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில், இடைவிடாது, வெவ்வேறு இடங்களில் நடக்கின்றன. முன்பின் ஆடும் உறுப்புகள் இல்லாததால் அதிர்வு குறைவு; எடைக்கு ஏற்ற வலு மிக அதிகம். 1950களுக்குப் பின் பெரிய பயணிகள் விமானங்களிலிருந்து பிஸ்டன் எஞ்சின் படிப்படியாக விலகியது. ஆயினும் பயிற்சி விமானங்களிலும் சிறு விமானங்களிலும் ஆளில்லா வானூர்திகள் சிலவற்றிலும் அது தொடர்கிறது.

அதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்திய விமானப்படையின் எச்.பி.டி.-32 'தீபக்' பயிற்சி விமானமே சான்று. 260 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சின் கொண்ட அதில், பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோகும் சிக்கல் தொடர்ந்தது. விபத்துகளில் விமானிகள் பலர் இறந்தனர். 2009இல் இரு விமானிகள் உயிரிழந்த விபத்துக்குப் பின் அவ்வகை முழுவதும் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டது. எஞ்சின் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. எரிபொருள் தடையின்றி அதற்கு வந்து சேர வேண்டும்.

ஈயமும் முற்றிலும் விலகவில்லை. இந்தியாவில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. பல சிறு விமானங்கள் பயன்படுத்தும் 100 ஆக்டேன் பெட்ரோலில் ஈயம் இன்றும் இருக்கிறது. ஈயமில்லா எரிபொருளும், ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் வகை விமான எஞ்சின்களும் மாற்றாக வந்துகொண்டிருக்கின்றன.

இன்று பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் எஞ்சினிலும் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக்குகள், இரண்டு மேக்னெட்டோக்கள். ஓடுதளத்தில் ஏறுமுன் மாணவ விமானி எஞ்சின் வேகத்தைக் கூட்டி, முதலில் ஒரு மேக்னெட்டோவை நிறுத்திப் பார்ப்பார். சுற்று சிறிது குறையும். அதை இயக்கிவிட்டு மற்றதை நிறுத்திப் பார்ப்பார். இரண்டிலும் குறைவு வரம்புக்குள் இருந்தால் மட்டுமே அவர் புறப்பட வேண்டும்.